கிராம ஊராட்சித் தேர்தல்: நாலு ஓட்டு எதெதற்கு, பெயர் எந்த வார்டில் இருக்கணும்?

கொள்ளிடக்கரை (கேள்வி)

சென்னையிலிருந்து திருச்சி மாவட்டம் லால்குடி ஒன்றியத்தில் ஒரு கிராமத்துக்கு வீடு மாறி வந்துவிட்டோம். எனக்கும் மனைவிக்கும் வாக்காளர் அட்டை இன்னும் வேளச்சேரி முகவரியில்தான் இருக்கிறது. அம்மா பெயர் மட்டும் பல வருடமாக இந்த ஊர்ப் பட்டியலில் உண்டு.

மாநகராட்சித் தேர்தலில் நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொத்தான். இங்கே கேட்டால் நாலு ஓட்டு, நாலு கலர் சீட்டு என்கிறார்கள். எதெதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

சட்டமன்றப் பட்டியலில் பெயரை மாற்றினால் ஊராட்சிப் பட்டியலுக்கும் தானாக வந்துவிடுமா, தனியாக மனு கொடுக்கணுமா? நாலு சீட்டில் எது யாருக்கு? எங்கள் ஊர் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது, அதனால் அந்த ஓட்டும் பெண்களுக்கு மட்டும்தான் என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா? நோட்டா இருக்கிறதா?

தேர்தல் எப்போது என்ற விவாதம் இங்கே வேண்டாம், அதற்கு வேறு இழை ஓடுகிறது.

---

பழைய மரத்தடி

டீக்கடைக்காரரை முதலில் முடித்துவிடுவோம். ஒதுக்கீடு நிற்பவருக்கு. போடுபவருக்கு அல்ல. தலைவர் பதவி பெண்களுக்கு என்றால் வேட்பாளர்கள் அத்தனை பேரும் பெண்களாக இருப்பார்கள். ஓட்டு ஊரில் எல்லோருக்கும் உண்டு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய ஊராட்சியிலும் அப்படியே. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்பது 2016இல் வந்த சட்டத்திருத்தம், அதற்கு முன்பு மூன்றில் ஒரு பங்கு.

நோட்டா கிடையாது. 2019இல் ஊரகத் தேர்தலிலும் இல்லை, 2022 பிப்ரவரி 19இல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் இயந்திரத்திலும் இல்லை.

இனி பட்டியல். பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், ஏனென்றால் இதில் இரண்டு ஆணையங்கள் இருக்கின்றன. சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், அரசமைப்பின் 243கே பிரிவின்படி அமைந்த தனி அமைப்பு. ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்டால் பதில் வராது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் 1950 என்ற உதவி எண்ணுக்கு அழைத்து "எங்கள் ஊராட்சி வார்டு எது" என்று கேட்பவர்கள் நிறைய. அந்த ஆணையத்திடம் அது இருக்காது.

ஆனால் புதிதாகப் பெயர் சேர்க்கும் வாசல் ஒன்றே. மாநிலத் தேர்தல் ஆணையம் தானாக வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதியின் பட்டியலை எடுத்து, அதை ஊராட்சி வாரியாக, வார்டு வாரியாகப் பிரித்துத் தன் பட்டியலைத் தயாரிக்கிறது. சட்டமன்றப் பட்டியலில் நீங்கள் வேளச்சேரியில் இருக்கும்வரை ஊராட்சிப் பட்டியலில் உங்களுக்கு இடமே இல்லை.

உங்களுக்கு வேண்டியது படிவம் 8. முன்பெல்லாம் தொகுதி விட்டுத் தொகுதி போனால் படிவம் 6 கொடுக்கச் சொல்வார்கள், பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்வார்கள். 2022 ஆகஸ்ட் முதல் முகவரி மாற்றம், அது தொகுதிக்குள்ளோ வெளியிலோ, படிவம் 8தான். படிவம் 6 முதன்முறை சேர்பவருக்கு மட்டும். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் செயலியில் செய்யலாம், அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். புதிய முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், மின் ரசீது, கேஸ் ரசீது, கிரயப் பத்திரம் இதில் ஒன்று போதும். அட்டை எண் மாறாது, முகவரி மட்டும் மாறும். பழைய இடத்துப் பெயர் நீங்கிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். "அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்ளக் கூடாது; பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

அம்மா பெயரையும் சரிபாருங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பட்டியல் புதிதாகக் கட்டப்பட்டது. பல வருடமாக இருந்த பெயர்தானே என்ற நம்பிக்கை இப்போது செல்லாது.

பெயர் இந்த ஊரின் பட்டியலில் ஏறுவதில் இன்னொரு பயனும் உண்டு. கிராம சபையில் கையெழுத்துப் போடும் தகுதி அந்தப் பட்டியலால் வருவது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் சபையில் கலந்துகொள்ள, தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

---

மூன்றாம் மேசை

சீட்டுக் கணக்கை நான் சொல்றேன்.

இளஞ்சிவப்பு: கிராம ஊராட்சித் தலைவர்.
வெள்ளை: உங்க வார்டு உறுப்பினர்.
பச்சை: ஊராட்சி ஒன்றியக் குழு வார்டு உறுப்பினர்.
மஞ்சள்: மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர்.

இதில் பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் இருக்கும். இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் இருக்காது. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சார்பில்லாத தேர்தல், ஆட்டோ ரிக்‌ஷா, பூட்டு-சாவி மாதிரி சுயேச்சைச் சின்னம்தான். யார் எந்தக் கட்சிக்காரர்னு ஊருக்கே தெரியும், சீட்டுக்கு மட்டும் தெரியாது. வயசானவங்க உதயசூரியனையோ இரட்டை இலையையோ இளஞ்சிவப்புச் சீட்டில் தேடிட்டு நிப்பாங்க. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க: இந்த ரெண்டு சீட்டுக்கும் வேட்பாளர் சின்னம் என்னன்னு முதல் நாளே மனசில் பதிச்சுக்கணும்.

உள்ளே போனா நடப்பது இது. பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பாங்க, ஏஜெண்டுகள் காதில் விழணும்னுதான். விரலில் மை. அடிக்கட்டையில் கையெழுத்து அல்லது ரேகை. சீட்டுகள் கைக்கு வரும். வாங்கினதும் திருப்பி முதுகைப் பாருங்க. அலுவலரின் கையெழுத்தும் சாவடிக்கான அடையாள முத்திரையும் அங்கே இருக்கணும். அது இல்லாத சீட்டு எண்ணும்போது தகராறுக்கு உள்ளாகும். இல்லேன்னா அங்கேயே கேளுங்க, பெட்டியில் போட்டபின் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

தடுப்புக்குப் பின்னால் ஒரு ரப்பர் முத்திரையும் மைப்பொதியும் இருக்கும். ஸ்வஸ்திக் மாதிரி அம்புக்குறி போட்டது. பாக்கெட்டிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து டிக் போட்டா செல்லாது. கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாலும் செல்லாது. அந்த முத்திரை மட்டும்தான்.

ஒரு சீட்டுக்கு ஒரு குத்து. அதே வேட்பாளருக்கு நேரே ரெண்டு தடவை குத்திட்டா பயப்பட வேண்டாம், செல்லும். ரெண்டு வேட்பாளருக்குக் குத்தினா போச்சு. ரெண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்து யாருக்குன்னு சொல்ல முடியாமப் போனாலும் போச்சு. சீட்டில் பேர் எழுதறது, கையெழுத்துப் போடறது, "ரோடு போடு"ன்னு கோரிக்கை எழுதறது எல்லாம் யார் போட்ட சீட்டுன்னு காட்டிக்கொடுக்கும், அதுவும் தள்ளுபடி.

மடிப்பு முக்கியம், இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. வேட்பாளர்கள் மேலிருந்து கீழாக வரிசையா இருக்காங்க இல்லையா. மேல் பாதியைக் கீழ் பாதி மேல மடிச்சா, ஈர மை எதிரில் இருக்கிற வேட்பாளர் கட்டத்தில் போய் ஒட்டும். அதனால் முதல் மடிப்பு நெடுக்கில்: வலது ஓரத்தை இடது ஓரத்தோட சேருங்க. மை ஒட்டினாலும் அதே வேட்பாளர் பேர் மேலதான் ஒட்டும். அப்புறம் குறுக்கே மடிச்சுக்கோங்க. குத்தினதும் ரெண்டு வாய் ஊதிட்டு மடிச்சா இன்னும் நல்லது.

---

வெள்ளாறு

மேலே சொன்னதில் ரெண்டு சேர்க்கை.

1. வார்டு சீட்டு எப்போதும் வெள்ளை இல்லை. ஒரே சாவடியில் ரெண்டு வார்டுக்காரர்கள் ஓட்டுப் போடுவதாக இருந்தால் ஒரு வார்டுக்கு வெள்ளை, இன்னொன்றுக்கு இளநீலம். பக்கத்து வரிசைக்காரர் கையில் நீலம், என் கையில் வெள்ளை என்று பதற வேண்டாம். ஆனால் உங்கள் பூத் சிலிப்பில் ஒரு வார்டு எண், கையில் வேறு வார்டின் சீட்டு என்றால் உடனே நிறுத்திக் கேளுங்கள்.

2. நாலு சீட்டு கட்டாயம் வரும் என்பதும் இல்லை. ஏதாவது ஒரு பதவிக்குப் போட்டியின்றித் தேர்வாகிவிட்டால் அந்தச் சீட்டு அச்சடிக்கவே மாட்டார்கள். வார்டு உறுப்பினர் பதவியில் இது சர்வசாதாரணம். மூணு சீட்டுதான் கொடுத்தார்கள், ஒன்றை அமுக்கிவிட்டார்கள் என்று சாவடியில் சண்டை பிடிப்பதற்கு முன் சாவடி வாசலில் ஒட்டியிருக்கும் வேட்பாளர் பட்டியலைப் பாருங்கள்.

"போட்டியின்றி" என்பது எல்லா ஊரிலும் ஒற்றுமையால் வந்தது என்று நினைக்க வேண்டாம். கோயிலுக்கு இவ்வளவு என்று பதவியை ஏலம் விடும் ஊர்கள் உண்டு. அது குற்றம். மனு தாக்கல் செய்ய வருபவரைத் தடுப்பதும் குற்றம்.

---

கொள்ளிடக்கரை

மூவருக்கும் நன்றி. மடிக்கிற விஷயம் கேள்விப்பட்டதே இல்லை. இவ்வளவு பார்த்து மடித்தும் மை அடுத்தவர் கட்டத்தில் ஒட்டிவிட்டால் ரெண்டு குறி என்று தள்ளிவிடுவார்களா?

இன்னொன்று. எங்கள் தெரு 4ஆம் வார்டு. எதிர்வீட்டுக்காரர் பெயர் போன முறை 6ஆம் வார்டில் இருந்ததாம், ஒரே வீட்டில் அப்பா 4, மகன் 6. இது எப்படி நடக்கிறது, யாரிடம் சொல்வது? நம் பெயரில் வேறு யாராவது போட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது?

---

மூன்றாம் மேசை

ஒட்டின மைக்காகத் தள்ள மாட்டாங்க. அந்த முத்திரையின் அமைப்பே அதுக்காகத்தான். அம்புக்குறிகள் ஒரு பக்கமா சுழலும். மடிச்சதில் ஒட்டின பிம்பத்தில் அது கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்ப்பக்கமா சுழலும். எண்ணுகிறவர் சீட்டைப் பார்த்ததும் எது குத்தினது, எது ஒட்டினதுன்னு தெரிஞ்சுரும். வெறும் வட்டமோ பெருக்கல் குறியோ வெச்சிருந்தா திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், கண்டுபிடிக்க முடியாது. ஆனா மையை அள்ளி அப்பிக் குத்தினா ரெண்டுமே கரும்புள்ளியா ஆகிடும், அப்போ அம்பு தெரியாது. பொதியில் லேசா ஒத்தினாப் போதும்.

அம்மாவுக்குப் பார்வை மங்கலோ கை நடுக்கமோ இருந்தா துணைக்கு ஒருத்தர் தடுப்பு வரை போகலாம், தலைமை அலுவலரிடம் முதலில் சொல்லணும். சொல்லாமக் கூடவே நுழைஞ்சா ஏஜெண்டுகள் கத்துவாங்க.

---

பழைய மரத்தடி

வார்டுக் குழப்பம் பற்றி.

சட்டமன்றப் பட்டியல் பாகம் பாகமாக இருக்கும். அதற்கு ஊராட்சி வார்டு என்றால் என்னவென்று தெரியாது. ஒரு பாகத்தில் ரெண்டு மூணு வார்டும், சில இடங்களில் பக்கத்து ஊராட்சியின் ஒரு தெருவும் கலந்திருக்கலாம். அதைத் தெருப் பெயரையும் கதவிலக்கத்தையும் வைத்துப் பிரிக்கிறார்கள். கிராமத்தில் கதவிலக்கம் என்பது பழைய எண், புது எண், வரி ரசீது எண் என்று மூன்று விதமாக இருக்கும். அப்பா பெயருக்குப் பழைய எண், பிறகு சேர்ந்த மகனுக்குப் புது எண் என்று பதிவானால் இருவரும் வேறு வேறு வார்டில் போய் விழுவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, ஒரு எண் போதும். அதனால் படிவம் 8 நிரப்பும்போது வீட்டு வரி ரசீதில் உள்ள கதவிலக்கத்தையும் தெருப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். "மெயின் ரோடு, லால்குடி வட்டம்" என்று மொட்டையாக எழுதுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

வார்டு வாரியான பட்டியல் ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் வைக்கப்படும். அந்த நாளில் போய்ப் பாருங்கள். உங்கள் பெயர் மட்டும் அல்ல, பக்கத்து நாலு வீட்டுப் பெயரையும் பாருங்கள். ஒரு தெருவே மொத்தமாக நகர்ந்திருந்தால் ஒற்றைப் பெயரைப் பார்த்துத் தெரியாது. தவறு இருந்தால் ஒன்றிய அலுவலகத்தில் மனு. அங்கே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இரண்டு பேர் இருப்பார்கள்: வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். மனுவோடு வரி ரசீது நகலும், சரியான வார்டில் இருக்கும் வீட்டார் ஒருவரின் பாக எண், வரிசை எண்ணும் இணைத்தால் வேலை சீக்கிரம் முடியும். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேறுபாடு. சட்டமன்றப் பட்டியலில் பெயரே இல்லை என்றால் பி.டி.ஓ.வால் உதவ முடியாது, படிவத்தோடு வாக்காளர் பதிவு அலுவலரிடம்தான் போக வேண்டும். பெயர் இருக்கிறது, வார்டு மட்டும் தப்பு என்றால் படிவம் 6, 8 எதுவும் வேண்டாம், மனு போதும். இதை மாற்றிச் செய்துதான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தபின் இந்த வேலையில் இறங்கினால் காலம் போதாது. பெயர் தப்பான வார்டில் இருந்தால் ஓட்டு முழுதாகப் போய்விடாது. ஒரே ஊராட்சி என்பதால் தலைவருக்கான சீட்டு அதேதான், பெரும்பாலும் ஒன்றிய, மாவட்டச் சீட்டும் அதேதான். வெள்ளைச் சீட்டு மட்டும் வேறு வார்டுக்காரருக்குப் போகும்.

உங்கள் பெயரில் யாரோ போட்டுவிட்டால்: திரும்பி வந்துவிடாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டி வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள், டெண்டர் ஓட்டு என்றால் எல்லோருக்கும் புரியும். அதற்கென்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சீட்டுத் தருவார்கள். குத்தியபின் அது பெட்டிக்குள் போகாது, தனி உறையில் போகும். எண்ணிக்கையிலும் சேராது. பின் எதற்கு என்றால், ஒன்றிரண்டு ஓட்டில் முடிவாகும் வார்டில் பின்னால் வழக்கு வரும்போது அந்த உறைதான் சாட்சி.

---

வெள்ளாறு

அந்த வெள்ளைச் சீட்டை "மட்டும்" என்று விட்டுவிடக் கூடாது, மரத்தடி ஐயா.

ஊராட்சியில் துணைத் தலைவர் என்று ஒருவர் உண்டு. அவருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. வார்டு உறுப்பினர்களும் தலைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். இருவரும் முறைத்துக்கொண்ட ஊரில் குழாய்க்கு வாஷர் வாங்கின பில் கூட நிற்கும். ஆக, வெள்ளைச் சீட்டுதான் சாவியின் மறுபாதி.

வார்டு எண்ணிக்கை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது, பெரும்பாலும் 6, 9, 12, 15 என்று இருக்கும். சின்ன ஊரில் ஒரு வார்டுக்கு நூற்றுச் சொச்சம் ஓட்டுதான். ரெண்டு கூட்டுக் குடும்பம் வெளியூர் போய்விட்டால் முடிவு மாறும்.

ஒன்றிய வார்டு ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று, மாவட்ட வார்டு ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒன்று. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அந்த உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். நேரடியாக மக்கள் ஓட்டில் வரும் தலைவர் ஊராட்சித் தலைவர் ஒருவர்தான். நகரத்தில் அதுவும் இல்லை: 2011இல் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போட்டோம், 2022இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். கேட்டவர் சென்னையில் ஒரே பொத்தான் அழுத்தியது அதனால்தான்.

---

கட்டு50

எண்ணிக்கை பற்றி யாரும் சொல்லவில்லை.

ஊரகத் தேர்தலில் இயந்திரம் இல்லை, பெட்டிதான். நாலு கலரும் கலந்துதான் பெட்டியில் கிடக்கும். ஒன்றிய அளவில் ஒரு எண்ணும் மையம். பெட்டியைக் கவிழ்த்ததும் முதல் வேலை எண்ணுவது அல்ல, கலர் பிரிப்பது. ஒவ்வொரு கலரையும் 50 சீட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். பிறகுதான் யாருக்கு எத்தனை என்று பார்ப்பது. 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை பல மையங்களில் மறுநாளும் ஓடியதற்குக் காரணம் இதுதான். வெள்ளைச் சீட்டு முடிவு முதலில் வரும், ஏனென்றால் ஒன்றிரண்டு பெட்டியோடு வார்டு முடிந்துவிடும். மஞ்சள் கடைசி.

மாவட்ட வார்டுக்காரரின் ஏஜெண்ட் மணிக்கணக்கில் உட்கார்ந்தே ஆகணும். தூக்கத்தில் எழுந்து சாப்பிடப் போகும் நேரத்தில்தான் தள்ளுபடிச் சீட்டுகளைப் பிரிப்பார்கள் என்று பழக்கப்பட்டவர்கள் முறை வைத்து ஆள் மாற்றுவார்கள்.

சமமான ஓட்டு வந்தால் குலுக்கல். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவை அறிவிக்கும் முன்பு, எழுத்தில், காரணத்தோடு கேட்கணும். "அறிவிச்சப்புறம் மனு கொடுத்தோம், வாங்க மறுத்தாங்க" என்பது அடிக்கடி கேட்கும் புகார். வாங்க மாட்டார்கள். அறிவித்தபின் ஒரே வழி மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு.

---

கொள்ளிடக்கரை

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: மனைவியை வார்டுக்கு நிற்கச் சொல்லி மகளிர் குழுவில் கேட்கிறார்கள். பெயர் 4ஆம் வார்டில் வந்தால் 4இல் மட்டும்தான் நிற்க முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்?

---

பழைய மரத்தடி

அந்த ஊராட்சிப் பட்டியலில் பெயர் இருந்தால் அதன் எந்த வார்டிலும் நிற்கலாம், அந்த வார்டின் ஒதுக்கீடு அவருக்குப் பொருந்த வேண்டும். ஆனால் முன்மொழிபவர் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். 6ஆம் வார்டில் நிற்பவருக்கு 4ஆம் வார்டில் இருக்கும் நீங்கள் முன்மொழிந்தால் மனு பரிசீலனையில் போய்விடும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஓட்டுக்கு 18, நிற்பதற்கு 21.

2019இல் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றிய உறுப்பினருக்கும் 600, மாவட்ட உறுப்பினருக்கு 1,000. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பாதி. செலவு உச்சவரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றியத்துக்கு 85,000, மாவட்டத்துக்கு 1,70,000. அடுத்த அறிவிப்பில் தொகை மாறலாம், அதைப் பார்த்துக் கட்டுங்கள்.

ஊராட்சிக்கு வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி வைக்காதீர்கள். அறிவிப்பு அனுப்பியும் கட்டாத பாக்கி தகுதிக்கே உலை வைக்கும். ரசீதுகளை மனுவோடு கையில் வைத்திருக்கட்டும்.

தோற்றாலும் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், முடிவு வந்து 30 நாளுக்குள். ஜெயித்தவர்கள் கொடுத்துவிடுவார்கள். தோற்றவர்கள் கோபத்தில் மறந்துவிட்டு, அடுத்த முறை நிற்க முடியாமல் தகுதி நீக்கப் பட்டியலில் தங்கள் பெயரைப் பார்ப்பார்கள். ஒரு நோட்டு வாங்கி டீச் செலவிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

---

மூன்றாம் மேசை

வாக்குப்பதிவு அன்னைக்கு ஒண்ணு. 2019இல் நேரம் காலை 7 முதல் மாலை 5 வரை. ரெண்டு கட்டம், டிசம்பர் 27, 30. உங்க ஒன்றியம் எந்தக் கட்டம்னு பார்த்துக்கோங்க, பக்கத்து ஒன்றியக்காரர் சொன்ன தேதியை நம்பிப் போகாதீங்க.

நாலு சீட்டு என்பதால் வரிசை மெதுவா நகரும். 5 மணிக்கு வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் டோக்கன் கொடுப்பாங்க, கடைசி ஆளிடமிருந்து ஆரம்பிச்சு முன்னாடி வருவாங்க, பின்னால் புதுசா யாரும் சேரக் கூடாதுன்னு. அப்போ வரிசையை விட்டு வெளியே போய் நின்னா டோக்கன் கிடையாது. பூத் சிலிப் மட்டும் கொண்டு வராதீங்க, அது உங்க பாகம், வரிசை எண்ணைத் தேட உதவுற சீட்டுதான். வாக்காளர் அட்டை, இல்லேன்னா ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய பாஸ்புக் இதில் ஒண்ணு கையில் இருக்கட்டும்.